மறதி நோயுள்ள பெரியவருக்குத் தனிப் பராமரிப்புத் திட்டம்: எந்த வரிசையில், எப்படி எழுதுவது

இந்த வழிகாட்டி முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கு. நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி என்றுதான் புரிந்துகொள்வார்கள். நான் சொல்வது பெரியவர்கள் வருடக்கணக்கில் தங்கியிருக்கும் இல்லத்தை. பாகூர் பக்கம் அப்படி ஓர் இல்லத்தில் சிஸ்டராக இருந்து, புதுச்சேரி, கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று பல ஊர்ப் பெரியவர்களுக்குத் திட்டம் எழுதியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். இன்றைக்கு முதல் நாள் டியூட்டிக்கு வந்த ஒரு பெண், இந்தத் தாளை மட்டும் படித்துவிட்டு, இந்தப் பெரியவரை அழவிடாமல் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, தூங்க வைக்க முடிய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள் எல்லாம், அட்டையோடு. ‘எழுதித் தருகிறேன்’ என்பார்கள். வேண்டாம், பையையே கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பையில்தான் நாட்டு மருந்துச் சூரணமும், கடையில் தானாக வாங்கிய தூக்க மாத்திரையும், இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பெயரில் எழுதிய ஒரே பிரஷர் மாத்திரையும் இருக்கும்.

மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் வந்ததா என்று பாருங்கள். இவை வீட்டு அலமாரியில் தங்கிவிட்டால், நீங்கள் எழுதும் மதிப்பீடு முழுவதும் தப்பாகிவிடும். காது கேட்காதவரைப் ‘புரியவில்லை’ என்று எழுதிவிடுவோம்.

சேர்ந்த அன்றைக்கே எடை போடுங்கள். பின்னால் இளைத்தாரா என்று சொல்ல இந்த எண் வேண்டும்.

அப்புறம் ஆள். பணம் கட்டுபவர் வேறு, பெரியவரோடு ஒரே வீட்டில் இருந்தவர் வேறு. மகன் பிரான்சிலோ சென்னையிலோ இருப்பார். சிகிச்சை முடிவுகளுக்கு அவர் எண் தேவை. ஆனால் அம்மா எத்தனை மணிக்குக் காபி கேட்பார் என்று மருமகளுக்கோ, வீட்டு வேலைக்கு வந்தவருக்கோ, எதிர்வீட்டுக்காரருக்கோதான் தெரியும். அந்த ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு சின்னத் தாள்

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான விதிகளில், ஒருவர் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஓர் ஆரம்பத் திட்டம் எழுதியாக வேண்டும் என்று இருக்கிறது. முழு மதிப்பீட்டுக்கு 14 நாள், அது முடிந்து 7 நாளில் முழுத் திட்டம். நமக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் அந்த வரிசை நல்ல வரிசை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சின்னத் தாளில் ஆறே விஷயம் போதும்: என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும், விழும் ஆபத்து உண்டா, விழுங்கும்போது புரையேறுகிறதா, வெளியே நடந்து போய்விடுவாரா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது ஓடும் மாத்திரைகள் என்னென்ன. முதல் இரவுதான் மிகவும் ஆபத்தானது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருட்டில் எழுந்து விழுவார்கள்.

புதியவர்கள் அட்மிஷன் படிவத்தைப் பார்த்து முதல் நாளே முழுத் திட்டத்தையும் எழுதி முடித்துவிடுவது நான் அதிகம் பார்த்த தவறு. அதில் இருப்பது நோயின் பெயர் மட்டும். ஒரே நோயுள்ள ஐந்து பேருக்கு ஒரே திட்டம் ஐந்து பெயரில் இருக்கும்.

3. மறதி என்று முடிவு கட்டும் முன் உடம்பைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி எதையும் எழுதாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல மாறும். இரண்டு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால், அதற்கு வேறு காரணம் இருக்கிறது. மருத்துவத்தில் இதை டெலிரியம் என்பார்கள். காலையில் தெளிவாக இருப்பார், மதியம் தூங்கி வழிவார், இரவில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார். இது அவசர நிலை, அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

வழக்கமான காரணங்கள்: யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சளிக் காய்ச்சல், சர்க்கரை இறங்குவது, உப்புச்சத்து குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சொல்லத் தெரியாத வலி. நம் கடற்கரை வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், தண்ணீர் கேட்கத் தெரியாத பெரியவர் இரண்டே நாளில் குழம்பிப்போவார்.

எங்களிடம் இருந்த ஒரு பாட்டி திடீரென்று கிள்ளவும் அடிக்கவும் தொடங்கினார். ‘நோய் முற்றிவிட்டது’ என்று மூன்று ஷிப்டும் எழுதி வைத்திருந்தது. நாலு நாளாக அவருக்கு மோஷன் போகவில்லை என்பதை யாரும் எழுதவில்லை. எனிமா கொடுத்த மறுநாள் பழைய பாட்டி திரும்பி வந்தார். அந்த நாலு நாள் அவர் பட்ட வலியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தைராய்டு, பி12 பரிசோதனைகள் முன்பே செய்திருக்கிறார்களா என்று ஃபைலில் தேடுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், மருந்து கொடுத்தால் சரியாகவும் கூடும். சில வாரங்களுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்டாரா என்றும் கேளுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் தாமதமாகத்தான் தெரியும். ஃபைலில் பதில் இல்லை என்றால், ஜிப்மருக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போகும்போது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஓ.பி. வரிசையில் நின்று டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் மறந்துவிடும்.

4. வாழ்க்கைக் கதையைக் கேட்பது

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘பொழுதுபோக்கு: டிவி. உணவு: சைவம்’ என்று நிரப்பிய படிவத்தால் ஒரு பயனும் இல்லை. ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டாலும் ‘ரொம்ப நல்லவர்’ என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: காலையில் கண் விழித்ததும் முதல் பத்து நிமிடம் என்ன செய்வார்? குளிப்பது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? கிணற்றடியிலா பாத்ரூமிலா? வீட்டில் எந்த வேலையை யாரும் தொடவிட மாட்டார்? எதற்குப் பயப்படுவார்? கோபம் வந்தால் யார் பேச்சைக் கேட்பார்?

எப்படி எழுந்தார் என்று கேட்டதால்தான் எங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. முதலியார்பேட்டையில் பஞ்சாலை வேலையில் இருந்த ஒரு பெரியவர், தினமும் விடியற்காலை எழுந்து கேட்டை உலுக்குவார். இழுத்துவந்து படுக்க வைத்தால் கையை ஓங்குவார். அவர் மனைவி சொன்னார், ‘முப்பது வருஷம் ஆலைச் சங்குக்கு எழுந்த ஆள் சிஸ்டர், அந்த நேரத்துக்குப் படுத்திருக்க அவருக்குத் தெரியாது’ என்று. திட்டத்தில் இப்படி எழுதினோம்: ‘ஐந்து மணிக்கு டீ. கையில் டிபன் கேரியர். கேட் வரை கூடவே நடந்து, வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சாப்பாட்டு மேசைக்கு.’ கேட் உலுக்குவது ஒரே வாரத்தில் குறைந்தது.

பேச்சு வழக்கையும் எழுதுங்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ‘கொல்லைக்குப் போகணும்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். புதிதாக வந்த பிள்ளை, அவர் தன் முந்திரிக் கொல்லையை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி, ‘நாளைக்குப் போகலாம் தாத்தா’ என்று சமாதானம் சொன்னது. அவர் கேட்டது கழிவறை. பத்து நிமிடத்தில் வேட்டி நனைந்துவிட்டது. ஆனால் அதே ஆள் சாயங்காலத்தில் அதே சொல்லைச் சொன்னால் அது முந்திரிக் கொல்லைதான்; காவலுக்குப் போகிற நேரம். இரண்டையும் நேரம் போட்டுத் திட்டத்தில் எழுதினோம்.

வீட்டில் தெலுங்கோ உருதோ பேசியவரா என்று கேளுங்கள். நோய் கூடும்போது பின்னால் கற்ற மொழி முதலில் கழன்று போகும், சின்ன வயதில் பேசியதுதான் நிற்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு ‘வணக்கம் ஐயா’வை விட ஒரு ‘போன்ழூர்’ முகத்தை மலர்த்தும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதும் சின்ன விஷயமில்லை. நம் பக்கம் ‘ஆயா’ என்றால் பாட்டி. ஆனால் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவரை ஆயா என்று கூப்பிட்டால், வேலைக்கு வந்த ஆயாவைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு முகம் திருப்புவார். ‘டீச்சர்’ என்றால் எழுந்து நிற்பார். யாருக்கு என்ன சொல் என்பது தாளின் முதல் வரியில் இருக்கட்டும்.

பயங்களைத் தயங்காமல் கேளுங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊரில் 2004 சுனாமியைக் கண்டவர்கள், 2011 டிசம்பரில் தானே புயலில் கூரை பறந்ததைக் கண்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தேதி மறந்திருக்கும், காற்றின் ஓசை மறக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கூடத்தில் ஓர் அம்மா ‘ஓடுங்க, ஓடுங்க’ என்று எல்லாரையும் எழுப்பினார். அவர் திட்டத்தில் இப்போது ‘மழை, காற்று இரவு’ என்று தனி வரி இருக்கிறது: ஜன்னலை முன்கூட்டியே சாத்த வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கூட ஒருவர் உட்கார்ந்து அவர் பேரப்பிள்ளைகள் பத்திரமாக இருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக, பெரியவரையே கேளுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீண்ட கேள்விக்குப் பதில் வராது. ‘இட்லியா, கஞ்சியா?’ என்று இரண்டையும் காட்டிக் கேட்டால் வரும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

5. ஏழு நாள் பார்த்து எழுதுங்கள், எதையும் திருத்தாமல்

குடும்பம் சொன்னது வீட்டு ஆளைப் பற்றி. இங்கே வந்ததும் ஆள் வேறு. அதனால் ஒரு வாரம் பாருங்கள். நாலு கட்டம் போட்ட தாள் போதும்: மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன் பிறகு நாம் என்ன செய்தோம்.

மூன்றாவது கட்டத்தில் ‘கலாட்டா’, ‘அடம்’, ‘வயலன்ட்’ என்று எழுதாதீர்கள். அவை நம் மனநிலையைச் சொல்கின்றன. ‘நைட்டியைக் கழற்றும்போது கையைத் தட்டிவிட்டார், ஐயோ என்றார்’ என்று எழுதினால், தோள்பட்டையில் வலி இருக்கலாம் என்று அடுத்தவருக்குத் தோன்றும். இரண்டாவது கட்டம்தான் மிக முக்கியம், அதைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள். ஏழு நாள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் நாலரை மணிக்கு மேல் கலக்கம் என்றால், அது ஷிப்ட் மாறும் சத்தமா, மங்கும் வெளிச்சமா, பசியா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். விளக்கைச் சீக்கிரம் போட்டு, நாலு மணிக்கே டீயும் சுண்டலும் கொடுத்ததில் பாதிப்பேர் அமைதியானதைக் கண்டிருக்கிறேன்.

வலியைத் தனியாகக் கவனியுங்கள். ‘வலிக்குதா?’ என்றால் ‘இல்ல’ என்பது நம் பெரியவர்களின் பழக்கம். மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் பெயினாட் என்ற அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 10. சும்மா இருக்கும்போது ஒரு முறையும், எழுப்பி நடத்தும்போது ஒரு முறையும் போடுங்கள். மூட்டு வலி நடக்கும்போதுதான் தெரியும்.

6. இன்னும் என்ன செய்ய முடிகிறது?

‘குளிக்க முழு உதவி தேவை’ என்று எழுதுவது சுலபம். அப்படி எழுதிவிட்டால் மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் நாமே செய்வோம், மூன்று மாதத்தில் அவருக்குச் சொம்பைப் பிடிக்கவும் மறந்துவிடும். ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். சட்டை பட்டன் போட முடியாது, ஆனால் சட்டையை விரித்துப் பிடித்தால் கையை நுழைப்பார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினால் தானே தலைக்குத் தேய்த்துக்கொள்வார். இதையெல்லாம் எழுதுங்கள்.

30க்கு எத்தனை என்ற நினைவாற்றல் தேர்வு மதிப்பெண் ஃபைலில் இருக்கட்டும். அதை வைத்துக் குளியல் திட்டம் எழுத முடியாது. 9 மதிப்பெண் எடுத்த ஒரு பாட்டி, வாழை நாரும் கனகாம்பரமும் கையில் கொடுத்தால், பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டுவார்.

7. எழுதும் முறை: தேவை, இலக்கு, செய்முறை

இப்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும். நாலைந்து தேவைகளுக்கு மேல் வேண்டாம். இருபது எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

தேவையை அவர் பக்கத்திலிருந்து எழுதுங்கள். ‘குளிக்க மறுக்கிறார்’ என்பது நம் பிரச்சினை. ‘உடம்பை அந்நியர் பார்ப்பது அவருக்குக் கூச்சம், ஷவர் தண்ணீர் பயம்’ என்பது அவருடைய தேவை. இப்படி எழுதியதுமே என்ன செய்ய வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

இலக்கு எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். ‘ஒத்துழைப்பார்’ என்பதை எண்ண முடியாது. ‘ஒரு மாதத்தில், வாரம் மூன்று குளியல் அழாமல்’ என்பதை எண்ணலாம். நோய் குறையும் என்று இலக்கு எழுதாதீர்கள், அது குறையாது.

செய்முறையில் யார், எப்போது, என்ன சொல்லி என்று மூன்றும் வேண்டும். ‘அன்பாகப் பேசவும்’ என்ற வரியை நான் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுவேன். அன்பு எல்லாருக்கும் இருக்கிறது, என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. ‘டீச்சர், ஸ்கூலுக்கு நேரமாச்சு, வெந்நீர் ரெடி’ என்று அந்த வாக்கியத்தையே எழுதுங்கள்.

8. குளியல், சாப்பாடு, கழிவறை

ஒரு நாளின் முக்கால்வாசிச் சண்டை இந்த மூன்றில்தான் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளியல். நம் பெரியவர்களில் பல பெண்கள் வாழ்நாள் முழுவதும் மார்புக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் குளித்திருக்கிறார்கள். அவர்களை வெளிச்சமான அறையில் நிறுத்தி எல்லாவற்றையும் களைந்தால், கத்தாமல் என்ன செய்வார்கள்? பாவாடையோடு ஸ்டூலில் உட்கார வைத்து, வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், சொம்பு அவர் கையில். முதலில் காலில் ஊற்றுங்கள், தலைக்குக் கடைசியில். ஷவர் தலைக்கு மேலிருந்து திடீரென்று விழுவதால் பயப்படுவார்கள். நேரம் அவருடைய பழைய நேரமாக இருக்கட்டும், நம் டியூட்டி வசதிக்கு அல்ல. இன்றைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வேறொருவர் போகலாம். அதுவும் இல்லை என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு நாள் குளிக்காததால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பலவந்தமாகக் குளிப்பாட்டினால் அந்தப் பயம் பல நாள் நிற்கும்.

சாப்பாடு. காலையில் தட்டைத் தள்ளிவிடும் ஓர் அம்மாவுக்குப் பசியில்லை என்று பத்து நாள் எழுதியிருந்தோம். குளித்து, நெற்றியில் திருநீறு வைக்காமல் அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது என்று மகள் வந்தபோதுதான் தெரிந்தது. குளியலை முன்னால் மாற்றியதும் இரண்டு இட்லி சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை, ஏகாதசி, ரமலான், தவக்காலம் போன்ற விரதப் பழக்கங்களைத் தேதியோடு எழுதுங்கள். சர்க்கரை உள்ளவராக இருந்தால் அந்த நாளுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். சாப்பிட மறுத்த வேளையில் இன்சுலினை வழக்கம்போலப் போட்டுவிடுவது நேரடி ஆபத்து. ‘சாப்பிடவில்லை என்றால் இன்சுலினுக்கு முன் சிஸ்டரைக் கூப்பிடவும்’ என்ற வரி சிவப்பு மையில் இருக்க வேண்டும்.

வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் பார்வை மங்கியவருக்குத் தெரியாது. வாழை இலையில் போட்டால் தெரியும். ஸ்பூனை வெறுப்பவருக்கு, சாதத்தைப் பிசைந்து உருண்டையாக உள்ளங்கையில் வையுங்கள். கை தானாக வாய்க்குப் போகும். நிலாச் சோறு சாப்பிட்ட கை அது. ஊட்டுவதாக இருந்தால் வலது கையால், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்தில். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், அண்ணாந்த கழுத்தில் புரையேறும். நேராக உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. தண்ணீருக்குப் புரையேறி, கெட்டியான கூழுக்கு ஏறாதவர்கள் உண்டு. இருமல், ஈரக்குரல் (தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோன்ற குரல்), அடிக்கடி சளிக் காய்ச்சல் இருந்தால் விழுங்குவதைப் பரிசோதிக்க அனுப்புங்கள். மாதம் ஒரு முறை எடை. ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், அதாவது 50 கிலோ ஆள் இரண்டரைக் கிலோ இளைத்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கழிவறை. ஏழு நாள் தாளில் அவர் எந்தெந்த நேரத்தில் போகிறார் என்று தெரிந்திருக்கும். அதற்குக் கால் மணி முன்னால் கூட்டிப் போங்கள். டயப்பர் கடைசி வழி. வேட்டியை இழுப்பது, எழுந்து எழுந்து உட்காருவது, மூலையைத் தேடுவது எல்லாம் சொல்லத் தெரியாத கேள்விதான். இரவில் பாத்ரூம் விளக்கு எரியட்டும், கதவு திறந்திருக்கட்டும். இன்னொன்று: வாழ்நாளெல்லாம் குந்தி உட்கார்ந்தவருக்கு மேல்நாட்டுக் கழிவறை என்னவென்றே தெரியாது, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். திட்டக்கூடாது. கையைப் பிடித்து, கம்பியைப் பிடிக்க வைத்து, ‘நாற்காலியில் உட்காருங்க’ என்று சொன்னால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

9. மாத்திரையும் கட்டுவதும்

கலக்கத்தை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள், மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதத்தையும் உயிரிழப்பையும் கூட்டுகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே இந்த உயிரிழப்பு ஆபத்தைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. லூவி பாடி வகை மறதி நோயில் ஹாலோபெரிடால் போன்றவை உடம்பையே விறைக்க வைத்துவிடும். அதற்காக நாமாக நிறுத்தவும் கூடாது. யார், எதற்காக, எந்தத் தேதியில் தொடங்கினார், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று நாலு விவரமும் திட்டத்தில் இருந்தால், டாக்டரிடம் ‘இது இன்னும் வேண்டுமா?’ என்று கேட்க முடியும். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும், அவற்றையும் கேளுங்கள்.

கட்டிலோடு கட்டாதீர்கள். கட்டினால் புண் வரும், திமிறுவார், உடம்பு இன்னும் ஒடுங்கிப்போகும். கட்டில் கம்பியைத் தூக்கி வைத்தால் அதன் மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்தி, பக்கத்தில் மெத்தை போட்டு, அவர் எதற்காக எழுகிறார் என்று கண்டுபிடியுங்கள். எழவே முடியாதவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கும் நேர அட்டவணை எழுதுங்கள், குதிகாலையும் முதுகெலும்பின் அடிப்பக்கத்தையும் தினம் பாருங்கள்.

10. எல்லா ஷிப்டும் ஒரே பதில்

திட்டம் ஒரு பக்கம்தான். பெரிய எழுத்தில், தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் நானும் டாக்டரும் படிப்போம், ஆனால் குளிப்பாட்டுபவர் படிக்க மாட்டார். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர் அந்தரங்கத்தைப் படிப்பார்கள்.

ஒரு கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். ‘எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?’ என்று தினமும் கேட்கும் அம்மாவிடம், ‘அவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு’ என்று ஒருவர் சொன்னால், அவர் அன்றைக்குத்தான் புருஷனை இழந்தவர்போல அழுவார். மறுநாள் மறுபடி கேட்பார். நாங்கள் எழுதியது: ‘அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்கவும்.’ அவர் வஞ்சிரம் மீன் குழம்பைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார்.

பார்க்க வரும் குடும்பத்துக்கும் ஒரு வரி. ‘நான் யாரு, சொல்லு பார்ப்போம்’ என்று நம் ஆட்கள் தேர்வு வைப்பார்கள். பதில் தெரியாமல் விழிக்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியாது. ‘அப்பா, நான் உங்க ரெண்டாவது பொண்ணு, கடலூர்லேருந்து வந்திருக்கேன்’ என்று தாங்களே சொல்லிக்கொண்டு உட்காரட்டும்.

ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் வாயாலும் சொல்லுங்கள். இன்றைக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை, மோஷன் போனதா, எவ்வளவு சாப்பிட்டார். அவ்வளவுதான்.

11. எப்போது மாற்றி எழுதுவது

முதல் திட்டம் பாதி தப்பாகத்தான் இருக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்காருங்கள். விழுந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால், எடை இறங்கினால், மாத்திரை மாறினால் தேதியைப் பார்க்காமல் உடனே. அந்தக் கூட்டத்தில் குளிப்பாட்டும் அக்காவும் சமையல்காரரும் இருக்க வேண்டும். தட்டில் என்ன மிச்சம் வருகிறது என்று சமையலறைக்குத்தான் முதலில் தெரிகிறது.

பலிக்காத வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதுங்கள். கிழித்துப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே யோசனையோடு வருவார்.

நோய் முற்றும் காலத்தில் என்ன வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, மூக்கில் குழாய் போடலாமா என்பதைக் குடும்பத்தோடும் மருத்துவரோடும் அமைதியான ஒரு நாளில் பேசி எழுதி வையுங்கள். பெரியவர் முன்பு எப்போதாவது தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தால் அதுதான் முதலில். நள்ளிரவில் மூச்சிரைக்கும்போது பிரான்சுக்குப் போன் போட்டு இதைக் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டி வந்தால் மாத்திரைப் பையோடு அந்த ஒரு பக்கத்தின் நகலும் கூடவே போகட்டும். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் பெயர் ஒட்டிய ஒரு டப்பாவில் போட்டு, கூடப் போகிறவர் கையில் கொடுங்கள். வார்டில் இருக்கும் சிஸ்டருக்கு அவரை முன்பின் தெரியாது. ‘டீச்சர்’ என்று கூப்பிட வேண்டும் என்பதை அந்தத் தாளின் முதல் வரிதான் சொல்லும்.